கலாய்ப்பவனும் ஏமாற்றுபவனும் ஒன்றா, ஆசிரியரே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் சமூக வலைதளப் போலிகளைப் பற்றி அரைப்பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்திருந்தது. விளையாட்டு வீரர்கள் பெயரில் பதிவு போடுகிற அத்தனை பேரையும் ஒரே வண்டியில் ஏற்றி சைபர் கிரைம் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிற அளவுக்குக் கட்டுரையாளர் சூடாகியிருக்கிறார். நானும் என் நண்பர்கள் சிலரும் தோனியின் குரலில் பகடிப் பதிவுகள் எழுதுகிற ஒரு பக்கத்தை நடத்துகிறோம். ஆக, அந்த வண்டியில் எனக்கும் ஒரு சீட்டு போட்டு வைத்திருக்கிறார் என்று புரிந்தது. ஏறுவதற்கு முன்னால் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

கட்டுரை டெண்டுல்கரில் ஆரம்பிக்கிறது. 2024 ஜனவரியில் அவர் ஒரு கேமிங் செயலிக்கு விளம்பரம் செய்வது போல, தன் மகளே அதில் விளையாடிப் பணம் சம்பாதிப்பதாகச் சொல்வது போல ஒரு டீப்ஃபேக் வீடியோ, அதாவது கணினியில் உருவாக்கிய போலி வீடியோ, சுற்றியது, அது பொய் என்று அவரே எக்ஸ் (பழைய ட்விட்டர்) தளத்தில் வந்து சொல்ல வேண்டியதாயிற்று. சரி, அதில் எங்கே சிரிப்பு இருக்கிறது? அவர் முகத்தையும் குரலையும் திருடி, அவரை நம்புகிற சாதாரண மனிதனின் பையில் கை விடுகிற வேலை அது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு இதற்காகவே இருக்கிறது, ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். தாராளமாகப் பிடித்துப் போடட்டும், நானே கை தட்டுவேன். ஆனால் அடுத்த பத்தியிலேயே, 'இதே போல' என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு மீம் போடுகிற பையன்களிடம் தாவிவிட்டாரே, அந்த 'இதே போல'தான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது.

நாங்கள் செய்வது என்ன என்று ஒரு உதாரணத்தோடு சொன்னால்தான் விளங்கும். ஆட்டம் முடிந்து மைக்கைக் கையில் வாங்கியதும் தோனி பேசுகிற விதம் சென்னையில் எல்லோருக்கும் மனப்பாடம். 'வெல், ஆஃப் கோர்ஸ்' என்று ஆரம்பிப்பார், கேட்ட கேள்வியைச் சுற்றி ஒரு நடை போய் வருவார், பிராசஸ் என்பார், பிட்ச் என்பார், பனி என்பார், பசங்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்வார், கடைசியில் பார்த்தால் அடுத்த வருஷம் ஆடுவாரா மாட்டாரா என்று கேட்டவருக்கு ஒன்றுமே கிடைத்திருக்காது. இந்தக் குரலை எடுத்துக்கொண்டு வீட்டில் கேஸ் தீர்ந்துபோன கதையை எழுதினோம்:

'வெல், ஆஃப் கோர்ஸ், சிலிண்டர் தீர்ந்துவிட்டது. ஆனால் ரிசல்ட்டைப் பற்றி யோசிக்கக் கூடாது, பிராசஸ்தான் முக்கியம். புக் செய்தாகிவிட்டது, டெலிவரி நம் கையில் இல்லை. குழம்பைக் கடைசி ஓவர் வரை எடுத்துக்கொண்டு போவோம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இண்டக்‌ஷன் அடுப்பு இளம் வீரர், அவருக்கும் வாய்ப்பு கொடுக்க வேண்டும்.'

இவ்வளவுதான். இதை எழுதும்போது ஏஜென்சிக்காரரைத் திட்டி ஒரு வரி இருந்தது, படித்தால் நல்ல சிரிப்பு வரும். ஆனால் தோற்ற ஆட்டத்துக்குப் பிறகும் தோனி மைக்கில் ஒருத்தரைப் பெயர் சொல்லிக் குறை சொல்லுகிற ஆள் இல்லை என்று நண்பன் ஒருவன் பிடிவாதமாக நின்றான், வெட்டிவிட்டோம். பகடி எழுதுகிறவனுக்கு அந்த மனிதரை அவருடைய ரசிகனைவிட நுணுக்கமாகத் தெரிந்திருக்க வேண்டும், எங்கே மூச்சு விடுவார், எந்த வார்த்தையை எத்தனை தடவை திருப்புவார், எதைச் சொல்லவே மாட்டார் என்பதெல்லாம் காதில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் நாலு இங்கிலீஷ் வார்த்தையும் ஒரு போட்டோவும்தான் மிஞ்சும், அப்படிப்பட்ட பக்கங்கள் தெருவுக்குப் பத்து இருக்கின்றன.

இதைப் படித்துவிட்டு ராஞ்சியில் இருக்கிற தோனி வீட்டுக்கு யாரும் சிலிண்டர் அனுப்பப் போவதில்லை. நான் சொல்ல வருவது இதுதான்: பகடி என்கிற அடையாளம் பதிவுக்குள்ளேயே இருக்க வேண்டும். படிக்கிறவர் இரண்டாவது வரியில் சிரித்திருக்க வேண்டும், அப்படிச் சிரித்துவிட்டால் அதற்கு மேல் யார் எழுதியது, எந்தக் கணக்கு, அசல் கணக்கு என்று காட்டுகிற டிக் இருக்கிறதா என்று எதையும் பார்க்கத் தேவையில்லை. இதற்கு நேர் எதிராக, 'தோள்பட்டை வலி குறையவில்லை, அடுத்த ஆட்டத்தில் ஆட முடியாது, ரசிகர்கள் மன்னிக்கவும்' என்று ஒரு பதிவு போட்டுவிட்டு, கணக்கின் அறிமுகக் குறிப்பான பயோவில் போய்ப் பார்த்தால் பூதக்கண்ணாடிக்குத் தெரிகிற அளவில் 'பாரடி', அதாவது பகடி, என்று எழுதி வைத்திருக்கிறார்களே, அதில் பகடி எங்கே இருக்கிறது? அது வக்கீல் வைத்துக்கொண்ட பொய். உங்கள் கட்டுரையாளர் அந்த ஆட்களைத் திட்டியிருந்தால் நானும் சேர்ந்து திட்டியிருப்பேன்.

எக்ஸ் நிறுவனம் 2025 ஏப்ரலில் இருந்து ஒரு விதி வைத்திருக்கிறது. பகடிக் கணக்கு என்றால் பெயரின் ஆரம்பத்திலேயே 'பாரடி', 'ஃபேக்' மாதிரி ஒரு வார்த்தை வர வேண்டும், அசல் ஆளின் முகப்புப் படத்தை அப்படியே வைக்கக் கூடாது. நல்லதுதான், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நம் ஊரில் பதிவு எப்படிப் பயணம் செய்கிறது என்று உங்களுக்குத் தெரியாதா? ஒருத்தன் ஸ்க்ரீன்ஷாட் எடுப்பான், அடுத்தவன் மேலே இருக்கிற பெயரை வெட்டுவான், மூன்றாவது ஆள் அதன் மேல் தன் குரூப் லோகோவை ஒட்டுவான், மாமா ஒருவர் அதைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டு 'உண்மையா?' என்று கேட்பார். அந்தப் பயணத்தில் பெயரும் போய்விடும், பயோவும் போய்விடும். மிஞ்சுவது அந்த நாலு வரி மட்டும்தான். அதனால்தான் சொல்கிறேன், சிரிப்பு அந்த நாலு வரிக்குள் இருக்க வேண்டும் என்று.

டிக்கை நம்பலாமே என்று கட்டுரையாளர் அறிவுரை சொல்லியிருக்கிறார். எந்த டிக்கை? 2022 நவம்பரில் 8 டாலர் கட்டினால் ப்ளூ டிக் என்று கடையைத் திறந்த உடனே, கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ் பெயரில் ஒருவர் டிக்கோடு வந்து லேக்கர்ஸ் அணியை விட்டுப் போகிறேன், வேறு அணிக்கு மாற்றச் சொல்லிக் கேட்டுவிட்டேன் என்று அறிவித்தார். அது போலி என்று தெரிவதற்குள் அது ஊர் சுற்றிவிட்டது. இந்தப் பக்கம் அசல் தோனியையே எடுத்துக்கொள்ளுங்கள், ரொம்ப நாளாகப் பதிவே போடாமல் இருந்ததால் 2021 ஆகஸ்டில் ட்விட்டர் அவருடைய டிக்கைத் தூக்கிவிட்டது, ரசிகர்கள் கூச்சல் போட்ட பிறகு சில மணி நேரத்தில் திரும்பிக் கொடுத்தது. உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்த கேப்டன் கொஞ்ச நேரம் டிக் இல்லாத சாதாரண ஆளாக நின்றார்.

அதற்கு முந்தைய வருஷம் 2020 ஆகஸ்ட் 15 அன்று அவர் ஓய்வை அறிவித்த விதம் நினைவிருக்கிறதா? இன்ஸ்டாகிராமில் பழைய இந்திப் பாட்டு ஓடுகிற ஒரு வீடியோ, கூடவே 19.29 மணி முதல் நான் ஓய்வு பெற்றவன் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் சின்னதாக ஒரு வாசகம். ரயில்வே அறிவிப்பு மாதிரி. நாங்கள் உட்கார்ந்து யோசித்து எழுதியிருந்தால்கூட இது கொஞ்சம் ஓவர், யாரும் நம்ப மாட்டார்கள் என்று நாங்களே கிழித்துப் போட்டிருப்போம்.

ஹர்பஜன் சிங் கதை இதைவிட வேடிக்கை. 2018இல் சென்னை சூப்பர் கிங்ஸ் இரண்டு வருஷத் தடைக்குப் பிறகு திரும்பி வந்தபோது அவரும் சேப்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தார், வந்த கையோடு தமிழில் ட்வீட் போட ஆரம்பித்தார். பொங்கல் வாழ்த்து, சினிமா பஞ்ச், அடுக்குமொழி என்று அடித்து விளையாடினார், 'தமிழ்ப் புலவர்' என்று பட்டமே கொடுத்துவிட்டார்கள் நம் ஆட்கள். இம்ரான் தாஹிரும் சளைக்காமல் தமிழில் விசில் போடச் சொன்னார். ஜலந்தரில் பிறந்த சிங்கும் லாகூரில் பிறந்த தாஹிரும் ராத்திரியில் உட்கார்ந்து எதுகை மோனை தேடிக்கொண்டிருந்தார்கள் என்று யாரும் நம்பவில்லை, வேறு யாரோ தமிழ் தெரிந்த ஆள் கை கொடுக்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்துதான் ரசித்தோம். அசல் கணக்கு, அசல் டிக், ஆனால் குரல் இரவல். எங்கள் பக்கத்தில் கணக்கு போலி, குரல் மட்டும் கிட்டத்தட்ட அசல். இரண்டில் எது ஆள்மாறாட்டம் என்று கட்டுரையாளர் சொல்லட்டும், தெரிந்துகொள்கிறேன்.

(இடையில் ஒரு விஷயம். 2025இல் பெங்களூர் ஐபிஎல் அணியின் ரஜத் படிதார் பயன்படுத்தாமல் விட்ட செல்போன் எண் சத்தீஸ்கரில் ஒரு கிராமத்துப் பையனுக்குப் போய்ச் சேர்ந்தது, கோலியும் டிவில்லியர்ஸும் படிதார் என்று நினைத்துப் போன் பண்ண ஆரம்பித்தார்கள். யாரோ நண்பர்கள் விளையாடுகிறார்கள் என்று நினைத்த அந்தப் பையனும் அவன் கூட்டாளியும், கடைசியில் படிதாரே கூப்பிட்டு எண்ணைத் திருப்பித் தரச் சொன்னபோது, நாங்கள் தோனி பேசுகிறோம் என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். போலீஸ் வீட்டுக்கு வந்த பிறகுதான் நம்பினார்களாம். அந்தப் பையன்கள் எங்கள் பக்கத்துக்கு வந்தால் அட்மின் பதவி கொடுக்கத் தயார்.)

பகடி வலிக்காது என்று நான் சொல்லவில்லை. கட்டுரையாளர் சொல்லாமல் விட்ட, ஆனால் பகடி எழுதுகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை ஒன்று இருக்கிறது, இங்கிலாந்து பேட்ஸ்மேன் கெவின் பீட்டர்சன் கதை. 2012இல் இங்கிலாந்தில் 'கேபி ஜீனியஸ்' என்று ஒரு கணக்கு ஓடியது. தன்னைத் தானே மெச்சிக்கொள்கிற மேதை மாதிரி பீட்டர்சனின் குரலில் பதிவுகள், எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. அது பகடி என்பதில் யாருக்கும் குழப்பமே இல்லை, நான் மேலே சொன்ன இலக்கணத்துக்கு முழுசாகப் பொருந்தும். அப்புறம் வெளியே வந்தது, அதை நடத்தியவர் பீட்டர்சனின் சக வீரர் ஸ்டூவர்ட் பிராடின் நண்பர் என்று. பிராட் தனக்குச் சம்பந்தமே இல்லை என்றார், கிரிக்கெட் வாரியம் விசாரித்து வீரர்கள் யாருக்கும் பங்கில்லை என்றது, நண்பரும் தன் வேலைதான் என்று சொல்லிக் கணக்கை மூடினார். ஆனால் பீட்டர்சன் மனதில் அது மூடவில்லை. சக வீரர்கள் சிலர் அந்தக் கணக்கைப் பின்தொடர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள், அது அவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. அந்த ஆகஸ்டில் ஹெடிங்லியில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 149 அடித்தார், அடித்த கையோடு பத்திரிகையாளர்களிடம் உட்கார்ந்து இந்த டிரெஸ்ஸிங் ரூமில் நானாக இருப்பது கஷ்டம் என்று சொன்னார். எதிரணி வீரர்களுக்கு மெசேஜ் அனுப்பிய விவகாரத்தில் அடுத்த டெஸ்டில் அவரை அணியிலேயே சேர்க்கவில்லை. 2014இல் வந்த சுயசரிதையிலும் அந்தக் கணக்கை அவர் விடவில்லை. பீட்டர்சன் ஒன்றும் பச்சைக் குழந்தை இல்லை, அவர் பக்கம் தப்பு நிறைய. இருந்தாலும் காலையில் நம்மோடு வலைப்பயிற்சியில் பந்து போடுகிறவன் சாயங்காலம் நம்மைப் பற்றிய ஜோக்குக்குச் சிரிக்கிறானா என்று சந்தேகப்பட்டுக்கொண்டே ஒரு டெஸ்ட் மேட்ச் ஆடுவது லேசான காரியம் இல்லை.

அதே டிரெஸ்ஸிங் ரூம் கலாய்ப்பு நம் ஊரில் எப்படி நடந்தது பாருங்கள். சென்னை அணியின் ஜடேஜா ரஞ்சிக் கோப்பையில் முச்சதம் மேல் முச்சதமாக அடித்து 2012 கடைசியில் மூன்றாவதையும் முடித்தபோது, 'சர்' ஜடேஜா என்று இணையத்தில் ஓட்ட ஆரம்பித்தார்கள். பாராட்டு பாதி, நக்கல் பாதி. 2013 ஏப்ரலில் சேப்பாக்கத்தில் பெங்களூருக்கு எதிராகக் கடைசிப் பந்தில் 2 ரன் வேண்டும், ஆர்.பி.சிங் போடுகிறார், ஜடேஜா தூக்கி அடித்து தேர்ட் மேனில் கேட்ச், முடிந்தது என்று பெங்களூர்க்காரர்கள் குதிக்கும்போது அம்பயர் கையை நீட்டிவிட்டார், நோ பால். ஓடிய ஒரு ரன்னும் நோ பால் ரன்னும் சேர்ந்து ஜெயித்தாகிவிட்டது. அதற்கு தோனி போட்ட ட்வீட்டின் சாரம் இது: ஒரு பந்தில் 2 ரன் எடுக்கச் சொன்னால் சர் ஜடேஜா ஒரு பந்தை மிச்சம் வைத்து ஜெயித்துக் கொடுப்பார். அந்த சீசனில் கேப்டனே இப்படி வரிசையாகப் போட்டுத் தாக்கினார், நாடே சிரித்தது, ஜடேஜாவும் சேர்ந்து சிரித்தார். தன் பெயரில், தன் கணக்கில், எதிரில் நின்று ஓட்டினார் தோனி, அதனால் விஷம் இல்லை. முகத்தை மறைத்துக்கொண்டு எழுதுகிற எங்களுக்கு அந்த வசதி கிடையாது. அதனால் எங்களுக்குக் கட்டுப்பாடு கூடுதலாக வேண்டும் என்பதை நான் மறுக்கவே மாட்டேன்.

எங்களுக்குள் வைத்திருக்கிற கட்டுப்பாடு பெரிய சாஸ்திரம் ஒன்றும் இல்லை. வீரர் மைக் முன்னால் பேசுவதை ஓட்டலாம், வீட்டுக்குள் போகக் கூடாது. டெண்டுல்கர் மகள் சாரா பெயரில் பகடி என்று போட்டுக்கொண்டே ஒரு கணக்கு ஓடியது, 2023 நவம்பரில் சாராவே தனக்கு எக்ஸில் கணக்கே இல்லை, வேடிக்கை என்ற பெயரில் உண்மையைப் பலி கொடுக்காதீர்கள் என்று சொல்ல வேண்டி வந்தது. அந்தப் பெண் எந்த மேட்ச் ஆடினார் பகடி செய்வதற்கு? அப்புறம், காயம், ஓய்வு, இரங்கல், மன்னிப்பு, மதம், சாதி, ஓட்டு, பணம் இதையெல்லாம் எந்த வீரர் வாயிலும் போட்டு எழுத மாட்டோம். குறிப்பாகத் தோற்ற ராத்திரி ஒன்றும் போட மாட்டோம். 2022 செப்டம்பரில் துபாயில் பாகிஸ்தானுக்கு எதிராக நம் அணியின் சீக்கியப் பந்துவீச்சாளர் அர்ஷ்தீப் ஒரு கேட்சை விட்டார், அன்று ராத்திரியே அவருடைய விக்கிபீடியா பக்கத்தில் புகுந்து காலிஸ்தான் என்று எழுதி வைத்தார்கள். அந்த மாதிரி ராத்திரியில் அவர் குரலில் 'மன்னிப்புப் பதிவு' ஒன்றை எவனாவது வேடிக்கைக்குப் போட்டால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

சட்டம் என்று வந்தால் கட்டுரையாளர் ஒரு தீர்ப்பைப் படித்திருக்கலாம். 2023 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் கிரிக்கெட் வீரர்களின் பெயரையும் உருவத்தையும் டிஜிட்டல் கார்டாக விற்கிற விவகாரம் வந்தது, முகமது சிராஜ், அர்ஷ்தீப் எல்லாம் வழக்குப் போட்டவர்களில் இருந்தார்கள். பிரபலங்களின் பெயரையும் படத்தையும் நையாண்டிக்கும் பகடிக்கும் பயன்படுத்துவது பேச்சுரிமைக்குள் வரும் என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆக, எங்களைச் சிறைக்கு அனுப்புவதற்கு முன்னால் அந்தத் தீர்ப்பைத் தாண்டியாக வேண்டும்.

கடைசியாக உங்கள் பக்கத்துக்கே வருகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் என்பிஏ என்கிற கூடைப்பந்து லீக்கை வைத்து 'என்பிஏ சென்டெல்' என்று ஒரு கணக்கு இருக்கிறது, 'என்பிஏ சென்ட்ரல்' என்கிற செய்திக் கணக்கைப் போலவே பெயர், போலவே தோற்றம், ஆனால் வீரர்கள் சொல்லாததைச் சொன்னதாகப் போடுவதே தொழில். கெவின் டுராண்ட் போன்ற பெரிய வீரரே அதை நிஜம் என்று நினைத்துப் பதில் சொல்லியிருக்கிறார். எனக்கு அந்த ரகம் பிடிக்காது, ஆளை விழ வைப்பதுதான் அதில் ஆட்டமே. ஆனால் ரசிகனும் வீரனும் விழலாம், அவர்களுக்குச் செய்தி தருவது வேலை இல்லை. உங்களுக்கு அதுதான் வேலை. சென்ற மாதம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில், கட்டுரை வந்த அதே பக்கத்தில்தான், ஒரு பந்துவீச்சாளர் தேர்வுக்குழுவைச் சாடியதாக ஒரு பெட்டிச் செய்தி வந்தது. எங்கள் பக்கத்தில் வந்தது இல்லை, வேறு யாரோ போட்டது, நான் மேலே சொன்ன அந்த வக்கீல் வைத்த ரகம். கணக்கின் பெயரைத் தொட்டுப் பார்த்திருந்தால் அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும். மறுநாள் திருத்தம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஒரு மாதம் கழித்துக் கட்டுரைதான் வந்தது, அதில் பழி முழுக்க எழுதியவன் மேல்.

ஸ்க்ரீன்ஷாட்டை வைத்துச் செய்தி எழுத வேண்டாம், பதிவு இருக்கிற கணக்குக்கே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள் என்று உங்கள் விளையாட்டுப் பகுதித் தம்பிகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அந்தப் பந்துவீச்சாளர் அப்படிச் சொல்லவே இல்லை என்று அதே பக்கத்தில், அதே அளவுப் பெட்டியில் ஒரு திருத்தமும் போடுங்கள். இந்தக் கடிதத்தை வெளியிட இடம் இல்லை என்றால் பரவாயில்லை, திருத்தத்துக்கு இடம் ஒதுக்கினால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சி